நின்றால் தொங்க வேண்டும்

மருந்துக்காரர் தன் காரைப் பின்பக்கமாகவே பட்டறைக்குள் ஏற்றி நிறுத்தியபோது, பெரியவள் சாக்பீஸும் கையுமாகக் காத்திருந்தாள். அந்தக் காரின் பின்கதவைக் கழற்றி, கூரையின் ஓரத்தை அறுத்து, அங்கிருந்து ஃபைபரில் ஒரு வால் இழுத்து ஒட்ட வேண்டும். அறுத்த தகரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. அதனால் கட்டரைக் கையில் எடுக்குமுன் அவருக்கு எல்லாவற்றையும் விளக்கிவிட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள்.

"வால் வச்சா குரைக்குமாம்மா?" என்றார் அவர், கீழே இறங்கிக்கொண்டே.

"குரைக்காதுண்ணே. ஆனா தீனி கம்மியா தின்னும்."

மருந்துக்காரர் வேலை மருந்துப் பெட்டிகளைக் கிடங்கில் ஏற்றி, நெடுஞ்சாலையோடு ஊர் ஊராக ஆஸ்பத்திரிகளில் இறக்குவது. விடிந்தால் ஓட்டம், பொழுது அடைந்தால் வீடு. "வீட்ல இருக்கறவ ரெண்டாவதுதான், இதுதான் மூத்தவ" என்று காரின் முதுகில் தட்டிச் சொல்வார். அந்த மூத்தவளைத்தான் இன்று வெட்டக் கொண்டுவந்திருந்தார்.

பட்டறை அக்கா தங்கை இருவருடையது. ஒரு பாதியில் பெரியவள் ஃபைபர் படகும் தண்ணீர்த் தொட்டியும் வார்ப்பாள். மறு பாதியில் சின்னவள் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிப்பாள், ஸ்டிக்கர் ஒட்டுவாள். பெரியவளுக்குக் கை பேசும், சின்னவளுக்கு வாய் பேசும் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். சின்னவளைப் பெரியவள் கூப்பிடும் பெயரே 'வாலு'. அன்று அந்த வாலு ஸ்டிக்கர் ரோல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள்.

பெரியவள் ஒரு அகலப் பேசினில் தண்ணீர் நிரப்பி, மேலே கொஞ்சம் மரத்தூளைத் தூவினாள். காலி சோப்பு டப்பா ஒன்றைத் தண்ணீரில் அமுக்கி மெல்ல இழுத்தாள்.

"டப்பாவுக்கு முன்னாடி பாக்காதீங்க. எல்லாரும் அங்கதான் பாப்பாங்க. பின்னாடி பாருங்க."

டப்பாவின் பின்னால் மரத்தூள் சுழன்று சுழன்று டப்பாவோடேயே வந்தது. கடன்காரன் மாதிரி விடாமல் ஒட்டிக்கொண்டு வந்தது.

"உங்க கார் இந்த டப்பாதான். கூரை மேல ஓடி வர்ற காத்து, பின்கதவுகிட்ட வந்ததும் சடார்னு கீழ திரும்ப முடியாம தடுமாறிப் பிரிஞ்சுடும். பின்னாடி ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளம் வண்டியைப் பின்னாடி உறிஞ்சும். நீங்க ஊத்தற பெட்ரோல்ல ஒரு பங்கு அந்தப் பள்ளத்துக்குத்தான் போகுது."

"இவ்ளோ நாளா நான் முன்னாடி வர்ற காத்தைத்தான் திட்டிட்டு இருந்தேன்" என்றார் மருந்துக்காரர்.

பெரியவள் சிரித்துக்கொண்டே டப்பாவை வைத்துவிட்டு, தான் வார்த்த சின்னப் படகு மாதிரி ஒன்றை இழுத்தாள். பின்புறம் ஒடுங்கிய படகு. மரத்தூள் இரண்டு பக்கமும் வழுக்கிக்கொண்டு போய், பின்னால் சத்தம் போடாமல் சேர்ந்துகொண்டது. இந்த ஒரு காட்சிக்காக அவள் வருடக்கணக்காக வாழ்ந்தாள் என்றுகூடச் சொல்லலாம். படகு வார்க்கிறவளுக்குத் தண்ணீர் பிரிவதைவிடச் சேர்வதுதான் முக்கியம். காற்றும் மெலிந்த தண்ணீர்தானே, காருக்கு மட்டும் ஏன் படகின் பின்புறம் இல்லை என்று ஒருநாள் தோன்றியது. அன்றிலிருந்து தன் பழைய காருக்கு வால் மேல் வாலாக வார்த்து, பிடிக்காமல் உடைத்து, மறுபடி வார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் அந்தக் காருக்கு ஓணான் என்று பெயர்.

"எவ்ளோ நீளத்துக்கு இழுப்ப? பஸ் மாதிரி ஆயிடாதா?"

"அதுலதான் சூட்சுமமே இருக்கு. ஒரு முழம் நீளம் போனா நாலு விரல்தான் இறங்கணும். அவசரப்பட்டு ஏழு விரல் எட்டு விரல் இறக்கினா, காத்து கோச்சுக்கிட்டுப் பிரிஞ்சுடும். அப்படி நிதானமா இறக்கி முனை வரைக்கும் கொண்டுபோனா வால் ரொம்ப நீளமாயிடும். அதனால பாதியிலயே பட்டுனு வெட்டிடணும். மிச்சம் இருக்கற பள்ளம் சின்னதுதான். காத்துக்கு அது பெரிசா தெரியாது."

அவர் தன் காரின் பின்புறத்தைச் சுற்றி நடந்தார். பெரியவள் போட்டிருந்த சாக்பீஸ் கோடுகளைத் தொடாமல் குனிந்து பார்த்தார்.

"சரிம்மா. தண்ணியில பாத்தாச்சு. ரோட்ல வேலை செய்யுதா? நீ பாத்தியா, உன் கண்ணால?"

"நான் ஓட்டிட்டு இருந்தேண்ணே. ஓட்டறவங்களுக்குத் தன் வண்டியோட முதுகு எப்படித் தெரியும்? தங்கச்சி பின்னாடி வேன்ல வந்து பாத்தா. அவ பாத்தா என்ன, நான் பாத்தா என்ன, ரெண்டும் ஒண்ணுதான்."

சொல்லும்போதே அந்தக் காலை அவளுக்கு ஞாபகம் வந்து முகம் மலர்ந்தது.

காற்று கண்ணுக்குத் தெரியாது. அதைப் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. கம்பளி நூலை விரல் நீளத்துக்கு நறுக்கி, ஒரு நுனியை மட்டும் வாலில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். மறு நுனி சும்மா கிடக்கும். வண்டி வேகம் எடுத்ததும், காற்று வாலோடு ஒட்டி ஓடினால் நூல்கள் எல்லாம் பின்னோக்கி அமைதியாகப் படுத்துக்கொள்ளும். காற்று பிரிந்துவிட்டால் நூல்கள் பேய் பிடித்த மாதிரி ஆடும், சில முன்பக்கமாகவே திரும்பிக்கொள்ளும். அன்று புறவழிச்சாலையில் பெரியவள் ஓணானை ஓட்ட, சின்னவள் பட்டறை வேனில் பின்தொடர்ந்தாள். வேனின் முன்கண்ணாடியில் கேமரா. இருவருக்கும் இடையில் போன் திறந்தே இருந்தது.

முதல் ஓட்டத்தில் சின்னவள் வார்த்தையை இழுத்தாள். "சரியா தெரியலக்கா... வெயில் கண்ணைக் கூசுது... இன்னொரு தடவை போலாம்." ஓரம் கட்டி நிறுத்திவிட்டுப் பெரியவள் டீ வாங்கப் போனாள். திரும்பி வந்தபோது, பெயிண்டுக்கு மேல் பளபளப்புக்கு அடிக்கும் லாக்கர் வாசனை வந்தது. "ஒரு கீறல் இருந்துச்சு, சரி பண்ணிட்டேன்" என்றாள் சின்னவள். எங்கே போனாலும் ஸ்பிரே டப்பாவோடு போகிறவள்தான்.

இரண்டாவது ஓட்டத்தில் போனில் ஒரு கூச்சல் கேட்டது. "படுத்துடுச்சுக்கா! எல்லாம் படுத்துடுச்சு! ஒண்ணுகூட ஆடல!"

பெரியவள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே அழுதாள். உடைத்துப் போட்ட வால்கள், தூங்காமல் போட்ட கணக்கு, ஓணான் என்று சிரித்தவர்கள், எல்லாம் அந்த ஒரு கூச்சலில் கரைந்தன. நிறுத்தி இறங்கியதும் தங்கையைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்து நிமிர்வதற்குள் சின்னவள் நூல்களை எல்லாம் பிய்த்து எடுத்திருந்தாள். "அசிங்கமா இருந்துச்சுக்கா, வண்டிக்கு உடம்பெல்லாம் முடி முளைச்ச மாதிரி."

"வாங்கண்ணே, படமே காட்டறேன்" என்றாள் இப்போது பெரியவள். சின்னவள் வெட்டி வைத்த துண்டுப் படம் அவள் போனில் இருந்தது. எத்தனை முறை பார்த்தாளோ, கணக்கில்லை. ஆனால் மருந்துக்காரர் வயசுக்குப் போன் திரை சின்னது. வேன் கேமராவின் கார்டைக் கழற்றி வந்து பட்டறைக் கம்ப்யூட்டரில் செருகினாள். அந்தக் காலை முழுவதும் அதில் இருந்தது.

இரண்டாவது ஓட்டத்திலிருந்து படம் ஓடியது. ஓணானின் முதுகு திரை நிறைய. வாலின் மேலும் இரண்டு பக்கங்களிலும் சிவப்பு நூல்கள், வாரிய தலைமுடி போல் வரிசையாக.

"அடடா" என்றார் மருந்துக்காரர். "என்னமா படுத்திருக்கு!"

"இப்ப வேகம் கூட்டறேன் பாருங்க. வேகம் ரெண்டு மடங்கானா காத்தோட இழுப்பு நாலு மடங்கு ஆகும். டவுனுக்குள்ள ஊர்ந்து போறவங்களுக்கு இந்த வால் வெறும் அழகுதான். உங்களை மாதிரி நாள் பூரா நெடுஞ்சாலையில போறவங்களுக்குத்தான் இது சோறு போடும்."

வாசலில் ஸ்கூட்டர் சத்தம். சின்னவள் ரோல்களைத் தோளில் சாய்த்துக்கொண்டு உள்ளே வந்தாள். திரையைப் பார்த்ததும் நின்றாள்.

"எதுக்குக்கா இவ்ளோ நீளப் படம்? அண்ணனுக்கு நேரமாகுது. முக்கியமானதை நான் வெட்டி வச்சிருக்கேனே."

"இருடி வாலு. முழுசா பாக்கட்டும். அவர் வண்டியைத்தானே வெட்டப் போறோம்."

"அதுல ஒண்ணும் இல்லக்கா இனிமே. ரயில்வே கேட்தான் வரும்."

"வரட்டுமே. அதுதான் அழகே. அண்ணே, இதைக் கவனிங்க." பெரியவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "படுத்திருக்கறது காத்தோட வேலைதான்னு எப்படி நம்பறது? வண்டி நின்னா காத்து நிக்கும். காத்து நின்னா பக்கவாட்டுல இருக்கற நூலெல்லாம் தன் பாரத்துல கீழ தொங்கிடும். இதோ கேட் மூடியிருக்கு. நான் பிரேக் போடறேன். இப்ப பாருங்க, ஒண்ணொண்ணா..."

திரையில் ஓணான் வேகம் குறைந்தது. ஊர்ந்தது. நின்றது. ஒரு ரயில் குறுக்கே ஓடியது.

நூல்கள் படுத்தே இருந்தன.

பெரியவள் வாயைத் திறந்தபடி இருந்தாள். ரயில் முழுவதும் கடந்து போயிற்று. கேட் மேலே ஏறியது. நின்ற வண்டியின் பக்கவாட்டில் சிவப்பு நூல்கள் காற்றே இல்லாமல் பின்னோக்கி நீட்டிக்கொண்டு கிடந்தன. ஒன்றுகூடத் தொங்கவில்லை.

"தொங்கலையேம்மா" என்றார் மருந்துக்காரர், தனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லையோ என்ற தொனியில்.

பெரியவள் எழுந்து வெளியே போனாள். ஓணான் பட்டறை வாசலில் நின்றது. வாலின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்து மெல்ல ஓட்டினாள். படகின் வழவழப்பைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடும் கை அது. வரிசையாகச் சின்னச் சின்ன வரம்புகள் தட்டுப்பட்டன. முன்பே தட்டுப்பட்டவைதான். அன்று பெயிண்டில் ஒட்டிய தூசி என்று நினைத்துவிட்டாள். தங்கையின் வேலையில் குறை பார்க்க மனம் வரவில்லை. இன்று நகத்தால் ஒன்றைச் சுரண்டினாள். லாக்கர் செதில் பெயர்ந்து வந்தது. அதற்குள் சிவப்புக் கம்பளிப் பஞ்சு.

சின்னவள் பின்னால் வந்து நின்றாள்.

"டீ வாங்கப் போனப்பவா?" என்றாள் பெரியவள், திரும்பாமல்.

சின்னவள் கீழே விழுந்த செதிலைக் காலால் ஒதுக்கினாள்.

"உன்னைத்தான் கேக்கறேன்."

"ஆடிச்சுக்கா. எல்லாம் ஆடிச்சு. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. சொன்னா அன்னைக்கே இதையும் உடைச்சிருப்ப. முன்னாடி வார்த்ததையெல்லாம் அப்படித்தானே உடைச்ச? இந்த அண்ணன்கிட்ட வேற, வால் வேலை செய்யும்னு நான் முன்னாடியே சொல்லி வச்சிருந்தேன். நூலைப் படுக்க வச்சு ஒரே ஒரு தடவை ஸ்பிரே பண்ணேன். பாத்துட்டு அப்புறமா சொல்லிடலாம்னுதான் இருந்தேன். நீ அழுத. சத்தியமா சொல்றேன், நீ சந்தோஷத்துல அழுது நான் பாத்ததே இல்ல. அப்புறம் எந்த வாயால சொல்றது?"

"கூச்சல் போட்டியே. அந்த வாயால."

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

நூலை ஒட்டியதைக்கூடப் பெரியவளால் பொறுத்துக்கொள்ள முடிந்திருக்கும். அந்தக் கூச்சல்தான் நெஞ்சில் நின்றது. இத்தனை நாளும் எந்த வேலை செய்தாலும் அந்தக் குரலை உள்ளே ஒருமுறை ஓடவிட்டுக் கேட்டுக்கொள்வாள். ஃபைபருக்கு ரெசின் கலக்கும்போது, தொட்டி தேய்க்கும்போது, படுக்கும்போது. இப்போது அதே குரலைக் கேட்டால் தன் தங்கை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, ஆடாத நூலைப் பார்த்து, ஆள் பார்த்து அளந்து கத்துவது தெரிந்தது. அழுதவள் முட்டாளாக முன்னால் ஓட்டிக்கொண்டு போனாள்.

"இன்னும் கொஞ்ச நேரத்துல நான் அவர் கூரையை அறுத்திருப்பேன்" என்றாள். "உன் பேச்சைக் கேட்டு. நீ பாத்துட்டு நின்னிருப்பியா?"

"தெரியலக்கா" என்றாள் சின்னவள். அழுகிற மாதிரி இருந்தது. பெரியவள் பார்க்கவில்லை.

உள்ளே போய் மருந்துக்காரர் முன் நின்றாள். "அண்ணே, நான் உங்ககிட்ட சொன்னதுல தண்ணியில காட்டினது உண்மை. ரோட்ல காட்டினது பொய். நூலை ஒட்டி வச்சிருக்கு. எனக்குத் தெரியாது. ஆனா என் வாயாலதான் சொன்னேன். வண்டியை எடுத்துட்டுப் போயிடுங்க."

மருந்துக்காரர் வாசலில் நின்ற சின்னவளைப் பார்த்தார். சாவியை விரலில் சுழற்றினார். சிரிக்க முயன்று விட்டுவிட்டார்.

"வெட்டியிருந்தா?"

"வெட்டியிருப்பேன்" என்றாள் பெரியவள். அதற்கு மேல் அலங்காரம் செய்ய எதுவும் இல்லை.

அவர் போவார் என்றுதான் நினைத்தாள். அவர் காரில் ஏறி, பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். "ஏறு. தங்கச்சி முன்னாடி ஓட்டட்டும். நீ உன் கண்ணால பாரு. நானும் பாக்கறேன். மூத்தவளை வெட்டறதா வேண்டாமான்னு தெரியாம எனக்குத் தூக்கம் வராது."

பெரியவள் புது நூல்களை நறுக்கி, ஒரு நுனியை மட்டும் டேப்பில் ஒட்டினாள். சின்னவள் உதவிக்கு வந்தாள். "தொடாத" என்றாள் பெரியவள். ஓணானின் சாவியை மட்டும் நீட்டினாள். "முன்னாடி நீ ஓட்டு."

புறவழிச்சாலையில் ஓணான் வேகம் எடுத்தது. பெரியவள் மருந்துக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, முன்கண்ணாடியில் நெற்றி இடிக்கக் குனிந்து பார்த்தாள். தான் பெற்றதன் முதுகை, ஓடும்போது, முதன்முறையாகப் பார்த்தாள். நூல்கள் ஆடின. பேய் பிடித்த மாதிரியேதான் ஆடின.

"போச்சாம்மா?"

அவள் கை காட்டி அவர் பேச்சைத் தடுத்தாள். "கொஞ்சம் இருங்க. கிட்ட போங்க."

முதல் வரிசை நூலே ஆடியது. வால் தொடங்கும் இடத்திலேயே. சரிவு தப்பு என்றால் முதல் வரிசை படுத்திருந்து, நடுவில்தானே ஆடத் தொடங்க வேண்டும்? தொடங்குமுன்னரே எது காற்றைத் தடுக்கி விடுகிறது? கூரையும் வாலும் சேரும் இணைப்பு. அதை மறைக்கச் சின்னவள் ஒட்டிய வெள்ளிப் பட்டை. விரல் தடிமனில், கூரையைச் சுற்றிப் பக்கங்களிலும் இறங்கி, இடுப்பு பெல்ட் போல் மின்னியது. ஓட்டத்துக்கு முந்தின நாள் சின்னவள் ஆசையாக ஒட்டியபோது, "லட்சணமா இருக்குடி" என்று சொன்னவள் பெரியவள்தான். வழவழப்பு வழவழப்பு என்று உயிரை விடுகிறவள், அந்தப் பட்டையின் மேல் மட்டும் கையை ஓட்டிப் பார்க்கவில்லை.

போனை எடுத்தாள். "நிறுத்து."

சாலை ஓரத்தில் பட்டையை ஒரு முனையில் பிடித்து இழுத்தாள். பசை பிரியும் சத்தத்தோடு நீளமாக வந்தது. சின்னவள் இறங்கி வந்து பார்த்தாள், புரிந்துகொண்டாள். முகம் வெளிறிற்று.

"இதுவாக்கா?"

"ஆடுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அன்னைக்கே வந்து பாத்திருப்பேன். அன்னைக்கே பிடுங்கியிருப்பேன்." இணைப்பை டேப்பால் இழுத்து மூடி, விரலால் தடவிச் சமமாக்கினாள். "போ. ஏறு."

மறுபடி ஓட்டம். ஓணான் வேகம் எடுக்க எடுக்க முதல் வரிசை நூல்கள் நடுங்கி, அடங்கி, படுத்தன. அடுத்த வரிசை. அதற்கடுத்தது. பக்கங்களிலும். வெட்டிய விளிம்பு வரைக்கும் எல்லாம் ஒரே திசையில், பேசினில் மரத்தூள் வழுக்கிப் போன மாதிரி.

"படுத்துடுச்சும்மா!" மருந்துக்காரர் ஸ்டியரிங்கில் தட்டினார். "நெசமாவே படுத்துடுச்சு!"

பெரியவள் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ நாள் வேண்டிக் கிடந்தது கண்முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. கூச்சல் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அது முன்பே செலவாகிவிட்டிருந்தது.

போனில் சின்னவள் குரல், பயந்து பயந்து. "என்னக்கா தெரியுது?"

"படுத்திருக்கு."

"எல்லாமா?"

"எல்லாம்."

பிறகு சின்னவள் கேட்டாள். "நெஜமாவாக்கா? எனக்காகச் சொல்லலையே?"

பெரியவள் நிமிர்ந்து சாலையைப் பார்த்தாள். தூரத்தில் கேட் மூடிக்கொண்டிருந்தது.

"கேட் போட்டிருக்கு, நிறுத்திட்டு இறங்கிப் பாரு" என்றாள்.

ஓணான் வேகம் குறைந்தது. ஊர்ந்தது. நின்றது. பக்கவாட்டு நூல்கள் ஒவ்வொன்றாகத் தலை கவிழ்ந்து தொங்கின. முன்கதவு திறந்தது. சின்னவள் இறங்கிப் பின்பக்கம் வந்து, தொங்கும் நூல்களைப் பார்த்தபடி நின்றாள். பிறகு நிமிர்ந்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அக்காவின் முகத்தைத் தேடினாள்.

பெரியவள் நூல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.